வரிசையின் தலையில் நிற்கும் பெரிய பணி ஏன் தொடங்குவதில்லை: சிறிய கிளஸ்டரில் ஸ்லர்ம் அமைப்பது குறித்து

வணக்கம். நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆய்வகத்தில் 12 கணினிகள் கொண்ட ஒரு கிளஸ்டர் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் 64 கோர், 256 ஜிபி நினைவகம். இரண்டு கணினிகளில் மட்டும் தலா நான்கு ஜிபியு. முன்பு அதைப் பார்த்துக்கொண்டவர் சிங்கப்பூரை விட்டுப் போய்விட்டதால் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது. எட்டுக் கணினிகளை முழுதாகக் கேட்கும் ஒரு பணி, கிளஸ்டரின் பணிகளை வரிசைப்படுத்தி ஓட்டும் மென்பொருளான ஸ்லர்மின் வரிசையில் ஒன்பது நாளாக நிற்கிறது. அதற்குப் பிறகு வந்த சிறு பணிகள் அதைத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கின்றன. முன்னுரிமை எடையை எவ்வளவு உயர்த்தினால் இது சரியாகும் என்றும், தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் மையத்தில் இருப்பதைப்போல், இதே வேலையைச் செய்யும் பிபிஎஸ் மென்பொருளுக்கே மாறிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வி முன்னுரிமையைப் பற்றியது போலத் தோன்றினாலும், உண்மையில் அது நேரத்தைப் பற்றியது என்பது என் கருத்து. ஒரு கணினி எப்போது காலியாகும் என்பது ஷெட்யூலருக்கு (பணிகளுக்கு நேரமும் இடமும் ஒதுக்கும் நிரலுக்கு) தெரியுமா, தெரியாதா? உங்கள் கிளஸ்டரில் அதற்குத் தெரியவில்லை. நீங்கள் ஒட்டியிருக்கும் எஸ்கியூ (வரிசையைக் காட்டும் கட்டளை) வெளியீட்டிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. காத்திருக்கும் பெரிய பணியின் எதிரே காரணமாக ‘ரிசோர்சஸ்’ என்று இருக்கிறது, ‘பிரயாரிட்டி’ என்று இல்லை. ‘பிரயாரிட்டி’ என்று இருந்தால் அதற்கு முன்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று பொருள். ‘ரிசோர்சஸ்’ என்றால் அந்தப் பணி தன் வரிசையின் தலைக்கு வந்துவிட்டது, இடம் காலியாகத்தான் காத்திருக்கிறது. ஏற்கெனவே முதலிடத்தில் நிற்பவரை இன்னும் முன்னால் தள்ள எந்த எண்ணாலும் முடியாது.

நான் பல ஆண்டுகளாக இங்கே சிறிய, நடுத்தர கிளஸ்டர்களை அமைத்தும் பராமரித்தும் வருகிறேன். கீழே சொல்வதில் ஸ்லர்மின் நடத்தை பற்றிய பகுதியை உறுதியாகச் சொல்கிறேன். எண்களாக நான் பரிந்துரைப்பவை அனுபவத்தில் வந்த தொடக்கப் புள்ளிகள்; உங்கள் பயனர்களின் வழக்கத்தைப் பார்த்து அவற்றை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஸ்லர்மில் பணிகள் இரண்டு வழிகளில் தொடங்குகின்றன. முதல் வழி, முன்னுரிமைப்படி மேலிருந்து கீழே பார்த்து, ஒரு பார்ட்டிஷனில் (தனி வரிசை கொண்ட கணினிப் பிரிவில்) தலையில் இருக்கும் பணிக்கு இடமில்லை என்றால் அந்தப் பார்ட்டிஷனை அத்துடன் விட்டுவிடுவது. இரண்டாவது, பேக்ஃபில் எனப்படும் இடைவெளி நிரப்பும் முறை. அடுக்குமாடிப் பேட்டை ஒன்றின் சமூக மன்றத்தில் நான்கு பூப்பந்து ஆடுகளங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மாலை நான்கு மணிக்கு ஒரு போட்டிக்காக நான்கும் ஒரே நேரத்தில் வேண்டும். இரண்டு மணிக்கு ஒரு களம் காலியாக இருக்கிறது. ஒரு மணி நேரம் ஆடிவிட்டுப் போகிறேன் என்று வருபவருக்கு அதைக் கொடுக்கலாம். போட்டிக்கு எந்த இடையூறும் இல்லை. எப்போது முடிப்பேன் என்று தெரியாது என்பவருக்குக் கொடுக்க முடியாது. பேக்ஃபில் என்பது இவ்வளவுதான். 1995இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் ஐபிஎம் எஸ்பி கணினிக்காக எழுதப்பட்ட ‘ஈஸி’ என்ற ஷெட்யூலர் வழியாகப் பரவிய இந்த உத்தி, பெரிய பணிக்கு ஒரு தொடக்க நேரத்தைக் குறித்துவைத்துவிட்டு, அந்த நேரத்தைத் தள்ளிப்போடாத சிறு பணிகளை மட்டும் இடையில் ஓட விடுகிறது. தொடக்க நேரத்தைக் குறிக்க முடியாதபோது என்ன நடக்கும் என்பதுதான் உங்கள் சிக்கல்.

நீங்கள் காட்டிய பார்ட்டிஷன் வரியில் மேக்ஸ்டைம், அதாவது ஒரு பணிக்கான உச்ச நேரம், 14 நாள் என்று இருக்கிறது. டிஃபால்ட்டைம் எழுதப்படவே இல்லை. டிஃபால்ட்டைம் இல்லாதபோது, நேரத்தைக் குறிப்பிடாமல் அனுப்பப்படும் ஒவ்வொரு பணிக்கும் மேக்ஸ்டைமே வரம்பாகிவிடும். அதனால்தான் உங்கள் வெளியீட்டில், இருபது நிமிடத்தில் முடியக்கூடிய பணிகள் உட்பட, ஏறக்குறைய எல்லாவற்றின் எதிரிலும் 14 நாள் வரம்பு தெரிகிறது. நேற்றுத் தொடங்கிய பணி இன்னும் 13 நாளுக்குத் தன் கணினியை விடாது என்றே ஷெட்யூலர் நம்பும். எட்டுக் கணினிகள் ஒருசேரக் காலியாவது எப்போது என்று அது கணக்கிட்டால், விடை பத்து, பன்னிரண்டு நாள் தள்ளி வருகிறது. இதற்கு மேல் இன்னொன்று சேர்கிறது. பேக்ஃபில் எவ்வளவு தூரம் எதிர்காலத்தைப் பார்க்க வேண்டும் என்பதை பிஎஃப் விண்டோ என்ற மதிப்பு தீர்மானிக்கிறது. நீங்கள் ஒன்றும் எழுதவில்லை என்றால் அது 1440 நிமிடம், அதாவது ஒரே ஒரு நாள். தொடக்க நேரம் அந்தச் சாளரத்துக்கு வெளியே விழும் பணிக்கு ஸ்லர்ம் இடம் எதையும் ஒதுக்கிவைப்பதில்லை. அதை விட்டுவிட்டு அடுத்த பணிக்குப் போய்விடுகிறது. ஒதுக்கீடே இல்லாதபோது சிறு பணிகள் எதைத் தள்ளிப்போடும்? காலியாகும் ஒவ்வொரு கோரிலும் புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. எட்டுக் கணினிகள் ஒரே கணத்தில் காலியாகும் தற்செயல் நடக்கும்வரை பெரிய பணி நிற்கும். ஆராய்ச்சி ஏடு அனுப்ப வேண்டிய தேதியை வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஒரு மாணவரை இப்படி நிறுத்திவைப்பது கொடுமை. மென்பொருள் பழுது ஏதும் இல்லாமலே இது நடக்கிறது என்பதால் யாரும் இதைக் கவனிப்பதுமில்லை.

இதை நீங்களே இப்போதே சோதித்துப் பார்க்கலாம். எஸ்கியூ கட்டளையுடன் ஸ்டார்ட் என்ற தெரிவைச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். அந்தப் பணிக்குத் தொடக்க நேரமாக ஒரு தேதி தெரிந்தால் நான் சொன்ன விளக்கம் பொருந்தாது. என்/ஏ என்று மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் இதுவே காரணம். ‘பெரும்பாலும்’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: ஒவ்வொரு சுற்றிலும் பேக்ஃபில் குறிப்பிட்ட எண்ணிக்கைப் பணிகளையே ஆராய்கிறது, வரிசை மிக நீண்டிருந்தால் அடியில் உள்ளவற்றை அது எட்டாமலும் போகலாம். உங்களுடையது வரிசையின் தலையில் இருப்பதால் அந்த ஐயத்துக்கு இடம் குறைவு. ஷெட்யூலரின் புள்ளிவிவரங்களைக் காட்டும் எஸ்டயாக் கட்டளையின் வெளியீட்டில் ஒரு சுற்றுக்கு எத்தனை பணிகள் ஆராயப்பட்டன என்பது தெரியும். அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

திருத்தம் இரண்டு வரிகளில் முடிந்துவிடும். முதலாவது, டிஃபால்ட்டைமை ஒரு மணி நேரமாக வையுங்கள். இது குறைவு என்று பயனர்கள் முறையிடுவார்கள். குறைவாக இருப்பதே நல்லது, ஏனென்றால் அப்போதுதான் அவர்கள் தங்கள் பணிக் கோப்பில் நேரத்தைத் தாங்களாகவே எழுதுவார்கள். மேக்ஸ்டைமைப் பொதுப் பார்ட்டிஷனில் மூன்று நாளாகக் குறைத்து, உண்மையிலேயே 14 நாள் வேண்டியவர்களுக்கு மூன்று கணினிகளை மட்டும் கொண்ட தனிப் பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கலாம். அந்த மூன்றையும் பொதுப் பார்ட்டிஷனிலும் சேர்க்காதீர்கள். ஒன்பது கணினிகள் பொதுவில் எஞ்சும். எட்டு கேட்கும் பணிக்கு அது போதும். இரண்டாவது, பிஎஃப் விண்டோவை கிளஸ்டரில் அனுமதிக்கப்பட்ட மிக நீண்ட வரம்புக்குக் குறையாமல் வையுங்கள். 14 நாளுக்கு அது 20160 நிமிடம். சாளரம் நீளும்போது கணக்கும் கூடுவதால், பிஎஃப் ரெசல்யூஷன் என்ற நேர நுணுக்கத்தை இயல்பான 60 நொடியிலிருந்து 300 அல்லது 600 நொடிக்கு உயர்த்துவது வழக்கம். 12 கணினிகளுக்கு அந்தக் கணக்கு ஒரு பாரமே இல்லை. ஆயிரம் கணினிகள் உள்ள இடத்தில்தான் அதை அளந்து பார்க்க வேண்டும்.

இந்த மாற்றத்தைச் செய்த மறுநாள் நிகழப்போவதை முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். ஏற்கெனவே ஓடும் பணிகளும், நீண்ட வரம்பை எழுதி அனுப்பிக் காத்திருக்கும் பணிகளும் பழைய வரம்போடுதான் இருக்கும். பெரிய பணிக்கு ஒதுக்கீடு கிடைத்துவிட்டதால், நீண்ட வரம்புள்ள சிறு பணிகளை பேக்ஃபில் இனி இடையில் விடாது. ஆகவே கணினிகள் காலியாக நிற்க, வரிசையில் ஆட்கள் காத்திருக்கும் காட்சி தெரியும். உடனே உங்களுக்குத் தொலைபேசி வரும். கிளஸ்டர் பழுதாகவில்லை, இடம் சேர்க்கிறது. காத்திருப்பவர்களிடம், எஸ்கன்ட்ரோல் கட்டளையால் தங்கள் பணியின் நேர வரம்பைத் தாங்களே குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். குறைப்பதற்குப் பயனருக்கே உரிமை உண்டு, கூட்டத்தான் நிர்வாகி வேண்டும். உண்மையான நேரத்தைக் குறிப்பிடுபவரின் பணி அன்றே ஓடத் தொடங்கும். ஒருமுறை இதைக் கண்ணால் பார்த்தவர் பிறகு நேரம் எழுத மறப்பதில்லை. ஒரு வாரப் பயிற்சி வகுப்பு சாதிக்காததை இது சாதித்திருக்கிறது.

நேர மதிப்பீடு எவ்வளவுக்குத் துல்லியமோ அவ்வளவுக்கு எல்லாருடைய காத்திருப்பும் குறையும் என்று சிலர் சொல்வார்கள். அது அவ்வளவு உறுதியானதல்ல. ஹீப்ரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முவாலெம், ஃபைட்டெல்சன் இருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு, பயனர் மதிப்பீடுகள் மிகவும் தவறாக இருப்பதையும், ஓரளவு கூட்டிச் சொல்வது சராசரிக் காத்திருப்பைக் கெடுக்காமல் சில சமயம் குறைக்கவும் செய்வதையும் காட்டியது. முன்னதாகவே முடியும் பணிகள் விட்டுச்செல்லும் இடைவெளிகளில் சிறு பணிகள் புகுந்துகொள்வதே காரணம். ஆகவே ஆறு மணி நேரப் பணிக்கு ஒன்பது மணி எழுதுபவரைக் கண்டிக்க வேண்டாம். இயந்திரம் மெதுவாக ஓடும் நாளுக்கு அந்த இருப்பு அவருக்குத் தேவை. இருபது நிமிடப் பணிக்கு 14 நாள் என்பதுதான் கணக்கையே அழித்துவிடுகிறது.

அடுத்து நினைவகம். இந்தப் பகுதியின் அமைப்பை நீங்கள் ஒட்டவில்லை, ஆகவே இது ஊகம். ஆனால் நான் பார்த்த சிறு கிளஸ்டர்களில் அடிக்கடி கண்ட தவறு இது என்பதால் சொல்லாமல் விட மனமில்லை. செலக்ட்டைப் பாராமீட்டர்ஸ் வரியில் கோரையும் நினைவகத்தையும் பங்கிட்டுக் கொடுக்கும்படி எழுதிவிட்டு, டெஃப்மெம்பெர்சிபியு (ஒரு கோருக்கான இயல்பு நினைவகம்) என்ற மதிப்பை மறந்துவிடுவார்கள். அப்போது நினைவகம் எவ்வளவு வேண்டும் என்று சொல்லாத பணிக்கு அந்தக் கணினியின் நினைவகம் முழுவதும் போய்ச் சேரும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வகத்துக்கு என்னை அழைத்து, வாங்கிய கணினிகள் போதவில்லை, இன்னும் எத்தனை வாங்கலாம் என்று கேட்டார்கள். திரையைப் பார்த்தேன். ஒரு மாணவி அனுப்பியிருந்த, ஒரே ஒரு கோர் கேட்கும் பணி ஒரு கணினியைப் பிடித்திருந்தது. மற்ற கோர்கள் எல்லாம் சும்மா இருந்தன. ஒதுக்கப்பட்ட நினைவகம் மட்டும் நூற்றுக்கு நூறு. அடுத்த கணினியிலும் அதே கதை, அதற்கடுத்ததிலும் அதே. அந்தப் பணிகள் உண்மையில் பயன்படுத்திய நினைவகம் 2 ஜிபிகூட இல்லை. கோப்பில் ஒரு வரி சேர்த்ததும், வாங்க நினைத்திருந்த கணினிகள் தேவைப்படாமலே போயின. அன்று அந்தப் பெண், அண்ணா, இத்தனை நாள் நான்தான் எல்லாரையும் தடுத்துக்கொண்டிருந்தேனா என்று கேட்டது இன்னும் என் மனத்தில் இருக்கிறது. தவறு அவருடையது அல்ல, அமைத்தவர்களுடையது.

உங்கள் கணினிகளுக்கு நான் வைக்கும் எண்களைச் சொல்கிறேன். ஒவ்வொரு கணினியிலும் ஸ்லர்ம்டி நிரலை ‘-C’ (பெரிய எழுத்து சி) தெரிவுடன் ஓட்டினால் அது கண்டுபிடித்த கோர் எண்ணிக்கையும் நினைவகமும் ஒரே வரியில் வரும். நினைவகத்தை அப்படியே பதியாமல் சற்றுக் குறைத்து, ரியல்மெமரியை 250000 மெகாபைட் என்று எழுதுங்கள். இயக்க முறைமையின் கெர்னல் மாறும்போது கணினி காட்டும் அளவு சிறிது குறைந்துவிட்டால், எழுதியதைவிடக் குறைவு என்று ஸ்லர்ம் அந்தக் கணினியை ஒதுக்கி நிறுத்திவிடும். இந்த இடைவெளி அதைத் தவிர்க்கும். டெஃப்மெம்பெர்சிபியு 3800 என்று வைத்தால், 64 கோருக்கும் சேர்த்து 243200, எல்லைக்குள் அடங்குகிறது. இந்த வரம்புகள் ஏட்டளவில் நின்றுவிடாமல் இருக்க லினக்ஸின் வளக் கட்டுப்பாட்டு வசதியான சிகுரூப் வழியாக நினைவகத்தையும் கோரையும் ஜிபியுவையும் கட்டுப்படுத்தும் வரிகளை இயக்கியிருக்க வேண்டும். இல்லையெனில் 4 ஜிபி கேட்டுவிட்டு 200 ஜிபி எடுக்கும் ஒரு பணி, பக்கத்தில் ஓடும் மற்றவர்களின் பணிகளையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

இப்போது முன்னுரிமைக்கு வருகிறேன். பலகாரணி முறையில் ஒவ்வொரு காரணியும் 0 முதல் 1 வரையான ஒரு பின்னம்; அதை எடையால் பெருக்கிக் கூட்டுகிறார்கள். எடைகள் இயல்பில் பூச்சியம். ஆகவே முறையை இயக்கிவிட்டு எடை எழுதாமல் இருந்தால் ஒன்றுமே நடக்காது. ஃபேர்ஷேருக்கு (தன் பங்கைவிடக் குறைவாகப் பயன்படுத்தியவரை முன்னால் விடும் காரணி) 10000, காத்திருப்பு வயதுக்கு 3000, பணியின் அளவுக்கு 1000 என்று தொடங்கலாம். இந்த விகிதம் என் விருப்பமே தவிர விதி அல்ல. வயதுக்குப் பூச்சியம் வைக்கக் கூடாது என்பதை மட்டும் வலியுறுத்துவேன். காத்திருப்பதற்கு எந்த மதிப்பும் இல்லாத வரிசையை மனிதர்கள் நம்புவதில்லை. கடந்தகாலப் பயன்பாடு எவ்வளவு வேகமாக மறக்கப்பட வேண்டும் என்பதற்கான அரை ஆயுள் இயல்பில் ஏழு நாள். மாதத்துக்கு ஒருமுறை பெரிதாக ஓட்டிவிட்டு ஓய்ந்திருக்கும் குழுவும், நாள்தோறும் சிறிதாக ஓட்டும் குழுவும் சேர்ந்திருந்தால் நான் அதை 14 நாளாக்குவேன். உங்களுக்கு எது பொருந்தும் என்பது பேராசிரியர்கள் கூடிப் பேச வேண்டியது. மென்பொருளை நிர்வகிப்பவர் தனியாக முடிவெடுத்தால் பழி அவர் மேல்தான் விழும். இன்னொரு நுணுக்கம்: ஒரு பயனருக்கு இத்தனை கோர்தான் என்று தரவுத்தளத்தில் வரம்பு வைத்தாலும், அக்கவுன்டிங்ஸ்டோரேஜ் என்ஃபோர்ஸ் வரியில் ‘லிமிட்ஸ்’ என்று எழுதாதவரை அது செயல்படாது. வரம்பு வைத்தும் பலிக்கவில்லை என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

ஜிபியு உள்ள இரண்டு கணினிகளைத் தனிப் பார்ட்டிஷனில் வைப்பது எளிது. ஆனால் 9, 3, 2 என்று பிரிக்க உங்களிடம் 14 கணினிகள் இல்லை. ஆகவே பொதுவில் எட்டு, நீண்ட பணிகளுக்கு இரண்டு, ஜிபியுவுக்கு இரண்டு என்று பிரிக்கலாம். அல்லது ஜிபியு கணினிகளையும் பொதுவில் சேர்த்து, அவற்றுக்கு வெயிட் மதிப்பை உயர்த்தி, கடைசியாகத் தேர்வாகும்படி செய்யலாம். இரண்டாவது வழியில், ஜிபியு பணிகளுக்குக் கோர் மிச்சம் வைக்க வேண்டி மேக்ஸ்சிபியூஸ்பெர்நோடு வைத்தால், அந்த வரம்பு இந்த இரண்டுக்கு மட்டுமல்லாமல் பொதுப் பார்ட்டிஷனின் எல்லாக் கணினிகளுக்கும் பொருந்திவிடும் என்பதை நினைவில் வையுங்கள். எட்டுக் கணினிப் பணி மிக அரிதாகத்தான் வரும் என்றால் நான் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன்.

பிபிஎஸ் பற்றிக் கேட்டீர்கள். 1990களின் தொடக்கத்தில் நாசா ஏம்ஸ் மையத்தில் பிறந்த மென்பொருள் அது, நல்ல மென்பொருள், தேசிய மையத்தின் ஆஸ்பயர் 2ஏ சூப்பர்கம்ப்யூட்டர் அதில்தான் இயங்குகிறது. உங்கள் மாணவர்கள் அங்கேயும் கணக்கு வைத்திருந்தால் ஒரே வகைப் பணிக் கோப்பு எழுதுவது அவர்களுக்கு வசதி. ஆனால் அங்கும் பணியின் ஓட்ட நேரத்தைக் குறிப்பிட வேண்டும். அங்கும் அந்த நேரத்தை வைத்துத்தான் இடைவெளி நிரப்பப்படுகிறது. 14 நாள் வழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போனால் இதே பணி அந்த வரிசையிலும் இப்படித்தான் நிற்கும்.

எந்த வரிசையில் செய்வது என்பதும் முக்கியம். நேர வரம்பும் பிஎஃப் விண்டோவும் மாற்றியபின் எஸ்கன்ட்ரோல் ரீகன்ஃபிகர் போதும். ஓடும் பணிகளுக்கு ஒன்றும் ஆகாது. வளங்களைப் பங்கிடும் செருகுநிரலைத் தேர்வுசெய்யும் செலக்ட்டைப் வரியை மாற்றுவது அப்படியல்ல. பணிகளின் நிலையைச் சேமிக்கும் வடிவம் அந்தச் செருகுநிரலைப் பொறுத்தது என்பதால், அதை மாற்றினால் ஓடுபவையும் காத்திருப்பவையும் ஷெட்யூலரின் கணக்கிலிருந்து காணாமல் போகக்கூடும். கிளஸ்டர் காலியாக இருக்கும் நாளில் மட்டும் அதைத் தொடுங்கள். அதற்கான நாளை மெயின்டனன்ஸ் ரிசர்வேஷனாகப் பதிந்துவைத்தால், அந்த நேரத்தைத் தாண்டக்கூடிய பணிகளை ஸ்லர்ம் தானாகவே தொடங்காது. கணினிகளை அணைத்து ஏற்றும்போது கடிகாரங்கள் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பாருங்கள். மின் பராமரிப்புக்காக அணைத்த ஒரு கிளஸ்டரில், மறுநாள் காலை பாதிக் கணினிகள் பதில் சொல்லாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். கடிகாரம் எட்டு நிமிடம் பிந்தியிருந்ததுதான் காரணம். ஸ்லர்ம் அடையாளம் சரிபார்க்கப் பயன்படுத்தும் மன்ஜ் சான்றின் ஆயுள் இயல்பில் 300 நொடிதான்.

காத்திருக்கும் அந்தப் பணிக்கு இன்றே வழி வேண்டுமென்றால், ஓடிக்கொண்டிருக்கும் பணிகளின் உரிமையாளர்களிடம் உண்மையில் எப்போது முடியும் என்று கேட்டு, அவர்கள் சம்மதத்துடன் அவற்றின் வரம்பைக் குறையுங்கள். பிறகு பிஎஃப் விண்டோவை மாற்றுங்கள். சில நிமிடங்களில் எஸ்கியூவில் என்/ஏ போய் ஒரு தேதி வர வேண்டும். வரவில்லை என்றால் அந்தப் பணியின் எஸ்கன்ட்ரோல் ஷோ ஜாப் வெளியீட்டையும், எஸ்டயாக் வெளியீட்டையும், பயனர் பெயர்களை நீக்கிவிட்டு இங்கே ஒட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.